பிள்ளைக்கு எது சொந்த மாநிலம்?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "அண்ணாச்சி, பையன் எழுபத்தெட்டு பர்சன்ட் வாங்கியிருக்கான். எந்தக் காலேஜில் போடலாம்?" தாராவியிலிருந்து ஒருவர், முலுண்டிலிருந்து ஒருவர், போன வருஷம் கல்யாண வீட்டில் பார்த்த ஒருவர் என்று வரிசையாகக் கேட்பார்கள். நான் கல்வியாளன் அல்லன். 1988இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஃபோர்ட்டில் ஒரு தனியார் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இரண்டு பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. முதல் பிள்ளை விஷயத்தில் தவறு செய்தேன் என்பதையும் ஒரு தகுதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "காகிதப்படி உங்கள் பையனுக்கு எது சொந்த மாநிலம்?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "நமக்குத் தமிழ்நாடுதானே அண்ணாச்சி" என்பார்கள். நானும் 2014இல் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருஷம் என் மகன் இங்கே டோம்பிவிலியில் பன்னிரண்டாவது முடித்தான். சுமாரான மார்க். இங்கே நல்ல கல்லூரி கிடைக்காது என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் பிள்ளைகளை என்ஜினீயரிங் சேர்க்கிறார்கள், நம் பையனும் தமிழ் மண்ணில் நாலு வருஷம் இருந்துவிட்டு வரட்டுமே என்று ஓர் ஆசை. தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு வேண்டிய நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கையில் இல்லை. அதற்காக ஊருக்குப் போய் அலைந்து வாங்குவதற்குள் தேதி போய்விட்டது. பிறகு என்ன, சென்னைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு. ரசீது இல்லாமல் இரண்டு லட்சம் கொடுத்தேன். நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992லேயே சட்டம் வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். இதில் வாங்கியவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வருஷத்துக்கு ஃபீஸ் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், ஹாஸ்டலும் சாப்பாடும் எழுபதாயிரம். நாலு வருஷத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். நன்கொடையையும் ரயில் செலவையும் சேர்த்தால் ஒன்பதரை லட்சம். ஐந்து லட்சம் வங்கிக் கடன். நாலு லட்சத்துக்கு மேல் போனதால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்டார்கள். மைத்துனர் கையெழுத்துப் போட்டார். மீதிக்கு என் பி.எஃப். பணமும் மனைவியின் வளையல்களும் போயின. படிப்பு முடிந்து ஒரு வருஷம்வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொன்னபோது பெரிய சலுகையாகத் தெரிந்தது. அதற்குள் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. கட்டத் தொடங்கும்போது ஐந்து லட்சம், ஏழு லட்சத்தை நெருங்கியிருந்தது. ஏழு வருஷத் தவணை, மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையனுக்குப் புனேயில் முதல் சம்பளம் இருபத்தோராயிரம். அறை வாடகை, சாப்பாடு, தவணை போக மாதக் கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்வான். என்னிடம் கேட்க மாட்டான்.

ஊரார் பணத்துக்கெல்லாம் கணக்குப் போட்டவன், சொந்த வீட்டில் முதல் வருஷச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு "சமாளிக்கலாம்" என்றிருக்கிறேன்.

இருக்கட்டும். சொந்த மாநிலம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போல் வெளிமாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மார்க்குக்கு அடுத்தபடி இதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஒவ்வோர் இடமும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பதில் சொல்கிறது.

என்.ஐ.டி. கல்லூரிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. அந்த மாநிலம் எது என்பதை அப்பா பிறந்த ஊரை வைத்துப் பார்ப்பதில்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேறினான் என்பதை வைத்துப் பார்க்கிறார்கள். ஆகவே மும்பையில் படித்த நம் பிள்ளைக்குத் திருச்சி என்.ஐ.டி. வெளிமாநிலம், நாகபுரி என்.ஐ.டி.தான் சொந்த மாநிலம். திருச்சிக்கு ஜே.இ.இ. எழுதிவிட்டு, "நம்ம ஊர்தானே, கொஞ்சம் குறைந்தாலும் கிடைக்கும்" என்று காத்திருந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங் நேர்மாறு. அங்கே நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்தான். வெளியே படித்த பிள்ளையும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவன் என்று நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் காட்டினால் போட்டியிடலாம். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருந்தால் இட ஒதுக்கீடும் உண்டு. மார்க் நன்றாக இருந்து இந்தக் காகிதங்களும் கையில் இருந்தால், அங்குள்ள அரசுக் கல்லூரிகளைப் போல் மலிவும் தரமுமான இடம் சுலபத்தில் கிடைக்காது. கிண்டி இருக்கிறது, எங்கள் திருநெல்வேலியில் 1981இல் வந்த அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஏழரை சதவீத உள் ஒதுக்கீட்டை, மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் முதலியவற்றுக்கு 2021இலும் வந்ததை, நம் பிள்ளைகளுக்கும் உண்டு என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். இல்லை. அது ஆறிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தாராவியில் மாநகராட்சிப் பள்ளியில் தமிழிலேயே படித்த ஏழைப் பிள்ளைக்கும் கிடையாது. எனக்கு இதில் வருத்தம்தான். வருத்தப்பட்டு விதி மாறாது.

இனி மகாராஷ்டிரம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கே படித்து, இங்கே பிறந்த அல்லது டொமிசைல் சான்றிதழ் உள்ள பிள்ளை, மாநிலப் பொறியியல் சேர்க்கையில் முழு மகாராஷ்டிரக்காரன்தான். மராத்தி வீட்டுப் பிள்ளைக்கு உள்ள அதே வரிசை. ஆனால் சாதி ஒதுக்கீடு வேறு கதை. ஊரில் நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இங்கே பொதுப் பிரிவு. இந்த மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் அந்தச் சாதி இங்குள்ள பட்டியலிலும் இருக்க வேண்டும். குடும்பம் இங்கே வந்த தேதியையும் பார்க்கிறார்கள். பட்டியல் வகுப்பினர் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், இதர பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாராவிக்கு அதற்கு முன்பே தோல் பதனிடும் வேலைக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தாத்தா படித்த மாநகராட்சிப் பள்ளியின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கலாம். அதைத் தேடி நகல் எடுத்து வைப்பது, பேரனுக்கு டியூஷன் வைப்பதைவிட முக்கியம் என்பேன்.

"இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஏன் ஊர்ச் சான்றிதழ் செல்லாது?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. இதே மும்பையில் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்துக்காக, ஆந்திரத்திலிருந்து தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதில் வந்த ஒரு மாணவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். ஒரு மாநிலத்தின் பட்டியல் அந்த மாநிலத்துக்குத்தான் என்று 1990இல் தீர்ப்பாயிற்று. அதிலிருந்து நிலைமை அதுவே. மத்திய அரசுக் கல்வி நிலையங்கள் மட்டும் வேறு: ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஊர்ச் சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும். பிற்படுத்தப்பட்டோர் என்றால் நம் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், வளமான பிரிவில் வராதவர் என்ற சான்றிதழ் அந்த ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய சான்றிதழை நீட்டிவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பதறுவது வருஷா வருஷம் நடக்கிறது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவதை இங்கே முடித்துவிட்டு, பதினொன்றும் பன்னிரண்டும் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டராக வேண்டும் என்ற ஆசையில்தான். ஆனால் மகாராஷ்டிர மருத்துவக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு இரண்டுமே இங்கே தேறியிருக்க வேண்டும். பொறியியலுக்காவது பெற்றோரின் டொமிசைல் சான்றிதழ் கைகொடுக்கும்; மருத்துவத்துக்குக் கதவு சாத்திவிடும். இரண்டு லட்சம் விடுதிக்குக் கட்டி, சொந்த மாநிலத்தையும் இழப்பானேன்? பிள்ளையை இடம் மாற்றுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்காத ஒரு சின்ன விஷயம், பள்ளி லீவிங் சர்ட்டிபிகேட்டில் தாய்மொழி என்று ஒரு வரி. மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மை நிறுவனங்கள் என்று அரசு அங்கீகரித்த கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமான இடங்கள் அந்த மொழிக்காரர்களுக்கு. நம் முன்னோர்கள் 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைச் சும்மாவா தொடங்கினார்கள்? எந்தக் கல்லூரிக்கு எந்த மொழிக்கான தகுதி இருக்கிறது என்பது சேர்க்கைப் பட்டியலிலேயே இருக்கும். ஆனால் நர்சரியில் சேர்க்கும்போது படிவம் நிரப்பிய அவசரத்தில் தாய்மொழி ஹிந்தி என்றோ ஆங்கிலம் என்றோ எழுதிவிட்டு வந்திருப்போம். வீட்டில் தோசையும் தமிழும், காகிதத்தில் ஹிந்தி! பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே திருத்துவது எளிது. வெளியே வந்தபின் பெரும்பாடு.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் அவளுடைய முறை. அப்போதும் நான் திருந்தவில்லை. "உன்னையும் ஊர்ப்பக்கமே சேர்த்துவிடலாம், சித்தி வீடு பக்கத்தில் இருக்கு" என்றேன். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அப்பா, அண்ணனுக்கு நீங்க ஒரு வருஷக் கணக்குப் போட்டீங்க. நான் நாலு வருஷத்துக்கும் போட்டிருக்கேன். கடன் வட்டியும் சேர்த்து."

பார்த்தேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கம். ஃபீஸ், விடுதி, பயணம், புத்தகம், கடைசியில் கூட்டுத்தொகை. தனியார் தொழிற்கல்லூரிகளின் ஃபீஸை மாநிலக் கட்டண ஒழுங்கு ஆணையம் நிர்ணயித்து வெளியிடுகிறது; அதிலிருந்தே எடுத்திருந்தாள், ஏஜெண்டு சொன்னதிலிருந்து அல்ல. பொதுப் பிரிவிலும் குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், மாநிலப் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்த பிள்ளைக்குப் பாதி டியூஷன் ஃபீஸை அரசு கொடுக்கும் ராஜர்ஷி சாகு மகராஜ் திட்டத்தையும் எழுதியிருந்தாள். முப்பது வருஷம் இந்த மாநிலத்தில் வரி கட்டியவன், அப்படி ஒரு திட்டம் இருப்பதையே அன்றுதான் அறிந்தேன். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடைக்காது என்பதையும் அடிக்கோடிட்டிருந்தாள்.

சி.இ.டி. எழுதினாள். பிரபலமான கல்லூரி கிடைக்கவில்லை. ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் ஒரு நடுத்தரக் கல்லூரி. வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் பாதி டியூஷன் போக நாங்கள் கட்டியது அறுபத்தேழாயிரத்துச் சொச்சம். மாணவர் சலுகை ரயில் பாஸ். சாப்பாடு வீட்டில். நாலு வருஷத்துக்கும் மூன்று லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. கடன் இல்லை. 2023இல் முடித்தாள். அண்ணனைவிட நல்ல வேலையா என்று கேட்பீர்கள். ஏறக்குறைய அதே மாதிரி வேலைதான். முதல் மாதச் சம்பளத்தில் தவணை கிடையாது, அவ்வளவே வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் அவள் மேலே படிக்கப் பணம் சேர்க்கிறாள். அண்ணனுக்கும் மேலே படிக்க ஆசை இருந்தது.

என் மனைவி சொல்வாள், "பையன் ஊர்ல படிச்சதாலதாங்க தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டான்" என்று. அதுவும் உண்மை. ஹாஸ்டல் அறைத்தோழன் புண்ணியத்தில் அவன் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறான். மகள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிள்ளை தமிழ் மண்ணில் வாழ வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் அந்த ஆசைக்கு என்ன விலை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நம் சங்கத்தில் காசு வாங்குவதில்லை. மகளை அதற்கு அனுப்பாதது என் சோம்பேறித்தனம்.

என்ஜினீயரிங் ஒன்றுதான் படிப்பு என்று நான் பேசுவதுபோல் தோன்றலாம். என் அனுபவம் அது, அவ்வளவுதான். மும்பைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒரே கட்டடத்தில் அரசு உதவி பெறும் பி.காம்., பி.எஸ்ஸி. வகுப்புகளும், சுயநிதி வகுப்புகளும் நடக்கின்றன. அதே வாசல், அதே நூலகம். ஃபீஸ் மட்டும் பல மடங்கு. பெயரில் 'மேனேஜ்மென்ட்', 'அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ்' என்று வந்துவிட்டால் நமக்கு மயக்கம். சி.ஏ. படிக்க நினைக்கும் பிள்ளைக்கு உதவி பெறும் சாதாரண பி.காம். தாராளமாகப் போதும். ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வி நிலையங்கள் போபால், மைசூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன. நாலு வருஷத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்து கிடைக்கும், செலவும் குறைவு. நம்மில் எத்தனை பேர் அதற்கு விண்ணப்பம் போடுகிறோம்?

கல்லூரியை நேரில் பாருங்கள். திறப்பு விழா போல் அலங்கரித்த நாளில் அல்ல, சாதாரணப் புதன்கிழமை. கான்டீனில் இறுதி வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கிறதா, ஆசிரியர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்களா என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள். விளம்பரப் பலகையில் ஒருவனுக்குக் கிடைத்த நாற்பது லட்சச் சம்பளத்தைப் போட்டிருப்பார்கள். நடுவில் நிற்கும் பையனுக்கு எவ்வளவு கிடைத்தது, எத்தனை பேருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. கடன்தான் வழி என்றால், 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த வித்யாலக்ஷ்மி திட்டத்தில் உங்கள் கல்லூரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஜாமீனுக்கு மைத்துனரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளுக்குச் சால்வை போடுகிறோம். நல்லது. அந்தப் பிள்ளைகள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். அறுபதும் எழுபதும் வாங்கிய பிள்ளைகளின் அப்பாக்கள்தான் ஏஜெண்டுகளிடம் போய் மாட்டுகிறார்கள், நான் மாட்டியதைப் போல. மார்க் வந்த பிறகு சால்வை போடுவதைவிட, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை மே மாதத்தில் ஒரு நாள் கூட்டிவைத்தால் பயன் அதிகம். ஊருக்கு விடுமுறையில் போகும்போதே நேட்டிவிட்டிக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிட்டு வரலாமே. போன வருஷம் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகள், தாங்கள் உண்மையில் கட்டிய தொகையை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். என் மகளின் நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. ஃபீஸ் எல்லாம் பழசு, பக்கம் பிரித்த முறை மட்டும் உதவும்.

மேசையும் நாற்காலியும் சங்க அறையில் இருக்கின்றன. முதல் ஞாயிறு நான் வந்து உட்காருகிறேன். வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, பள்ளிப் பதிவில் தாய்மொழி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.